அசலில் மட்டுமே சம்பந்தம்

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிற அத்தனை மண்டபங்களிலும் நடந்த கல்யாணங்களைக் கூட்டினாலும், எங்கள் சம்பந்தி ஒருவரே செய்துவைத்த கல்யாணங்களுக்கு ஈடாகாது. முகூர்த்தம் பார்க்கமாட்டார். ஆடி மாதம் என்று தள்ளிப்போடமாட்டார். ஜாதகம் கேட்கமாட்டார். மேளம் கூடாது, மைக் கூடவே கூடாது. மாப்பிள்ளையைத் தூக்கி எடை போடுவார். பிறகு ஸ்கேலை எடுத்து வாலை அளப்பார்.

ஆமாம், வால். அவர் கல்யாணம் செய்துவைத்தது எலிகளுக்கு.

பாரிவாக்கம் தாண்டி, வீட்டு மனைகளுக்கு நடுவே நிற்கிற ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது எலி ரூம். நான் அங்கே தீனி வைக்கிற, எடை பார்க்கிற ஆள். எட்டாவதில் பரீட்சை பயத்தில் பள்ளிக்கூடத்தை விட்டவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷினில் நின்றேன். விரல் போய்விடுமோ என்ற கவலையில் பத்து விரலும் இருக்கும்போதே வெளியே வந்துவிட்டேன். எலி ரூமில் சேர்ந்த முதல் வாரம், எலி கடித்தால் என்னாகும் என்று தூக்கம் வரவில்லை. இரண்டாவது வாரம், கடித்த எலிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கம் வரவில்லை.

எங்கள் கட்டடத்தில் இரண்டு எலி ரூம்கள். எதிர் ரூமில் இருப்பவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. தலைமுறை தலைமுறையாக அண்ணனையும் தங்கையையுமே ஜோடி சேர்த்து வளர்த்ததால், ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. எங்கள் ரூம் அப்படி அல்ல, திருவிழாக் கூட்டம். கறுப்பு, பழுப்பு, சாம்பல், வெள்ளை, குண்டு, ஒல்லி, சண்டைக்காரன், சாது என்று எல்லாமும் உண்டு. இப்படிக் கலந்துகட்டியாக இருந்தால்தான், எது ஏன் பயப்படுகிறது, எதற்கு ஏன் தொப்பை விழுகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து, அதற்குக் காரணமான மரபணு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட முடியுமாம். எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் யாரோடு யாரை ஒப்பிட்டுப் பார்ப்பது? எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

அந்தக் கலவை கெடாமல் இருக்க ஒரே வழி, சொந்தத்துக்குள் ஜோடி சேரக்கூடாது. அசலில் மட்டுமே சம்பந்தம். எந்தப் பெண் எந்தப் பையனுக்கு என்று பார்த்துப் பார்த்து முடிப்பவர் என்பதால் அவர் சம்பந்தி. முன்னால் சார், முதுகுக்குப் பின்னால் சம்பந்தி. பெண்டாட்டி பிள்ளை என்று யாருமே இல்லாத மனிதருக்கு இப்படி ஒரு பெயரை எந்தப் புண்ணியவான் வைத்தாரோ தெரியாது.

ரூமில் ஒரு விதி உண்டு. ஜோடி விஷயத்தில் சாரைத் தவிர வேறு யாராவது கை வைத்தால், அன்றைக்கே கணக்கு முடித்து வீட்டுக்கு. அந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அமுதா ஞாபகம்தான் வரும். கரையான்சாவடியில் இருந்து கூண்டு கழுவ வருகிறவர் அமுதா. வீட்டுக்காரருக்கு முதுகுவலி, வேலைக்குப் போவதில்லை. அமுதா சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அமுதாவின் கையோ சும்மா இருக்கிற கை அல்ல.

தீபாவளி நெருங்கினால் சம்பந்தி தெருவில் இறங்கிவிடுவார். பெரிய சத்தம் கேட்டால், குட்டி போட்ட எலி மிரண்டு தன் குட்டியையே தின்றுவிடும். அதனால் சுற்றியுள்ள வீடுகளில் ஏறி இறங்கிக் கும்பிடு போடுவார். நான் பின்னால் நிற்பேன்.

“அம்மா, எங்ககிட்ட இந்த வாரம் இருபது பிரசவம் இருக்கு. கொஞ்சம் வெடி வெக்காம இருந்தீங்கன்னா நல்லாருக்கும்.”

ஒரு வீட்டு அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “இருபதா? ஒரே ஆளாவா சாமி பாக்குறீங்க?”

“நான் ஒண்ணும் பண்றதில்லம்மா. அதுங்களே பாத்துக்கும்.”

“தொணைக்கு ஒரு நர்ஸு கூடவா இல்ல?”

“இவர் இருக்கார்” என்று என்னைக் காட்டினார்.

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே பிரசவ வலி கண்டுவிடும் போலிருந்தது. மறுநாள் அந்த வீட்டில் இருந்து ஒரு தூக்கு நிறைய பிரசவ லேகியம் வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் கெஞ்சினேன். சம்பந்தி கேட்கவில்லை. ஒரு வீட்டு அடுப்பில் கிண்டிய பண்டம் அவர் கைக்கு வந்து எத்தனை நாளாயிற்றோ. தினமும் மத்தியானம் ஒரு ஸ்பூன் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்துக் கரைப்பார். பொங்கல் வரைக்கும் வந்தது.

அவரோடு ஷேர் ஆட்டோவில் ஏறுவது தனிக் கண்டம். ஒருநாள் எதிர் சீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி. மஞ்சள் கயிறு பளபளவென்று இருந்தது. சம்பந்தி இரண்டு பேர் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு வேர்த்துவிட்டது.

“தப்பா நெனைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் சொந்தமா, அசலா?”

“இன்னாத்துக்கு கேக்குற?” என்றான் மாப்பிள்ளை.

“இல்ல, மூக்கு ரெண்டும் ஒரே மூக்கா இருக்கு.”

“யோவ் பெர்சு, நீயா எறங்குறியா, நான் எறக்கி உடவா?”

டிரைவர் திரும்பாமலே சமாதானம் சொன்னார். “வுடு நைனா. அவரு எலி டாக்டரு. எல்லாரையும் தான் கேப்பாரு. போன வாரம் என்னைக் கேட்டாரு, நான் அசலுன்னேன், கை குடுத்தாரு.”

அந்தப் பெண்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “எங்க மாமா பையன் சார்” என்றது. சம்பந்தி தலையாட்டிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார். நான் அதற்குள் மூன்றாவது சீட்டில் அவரை யாரென்றே தெரியாதவனாக மாறியிருந்தேன். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கியும்விட்டேன்.

எங்கள் ரூமில் பயத்தை அளக்க ஒரு பாலம் இருக்கிறது. கூட்டல் குறி மாதிரி நாலு கை வைத்த பலகை, தரையில் இருந்து உயரத்தில் நிற்கும். இரண்டு கைகளுக்கு இரண்டு பக்கமும் சுவர். மற்ற இரண்டும் திறந்த வெளி. நடுவில் எலியை விடுவோம். தைரியசாலி திறந்த பலகையில் நடந்து போய் விளிம்பில் எட்டிப் பார்த்துவிட்டு வரும். பயந்தாங்கொள்ளி சுவருக்குள் போய் ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான். எவ்வளவு நேரம் எங்கே நின்றது என்று மேலே இருக்கிற கேமரா பார்த்துக்கொள்ளும்.

ஒருநாள் டீக்கடையில் சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ எப்பவும் செவுத்தோரமாத்தான் நிக்கிற.”

“பழக்கம் சார்.”

“வெறும் பழக்கம் இல்லப்பா. பாதி கூடவே பொறந்தது. எந்த ஜீன்னு தேடிட்டிருக்கேன். கிடைச்சா மொதல்ல உங்கிட்டதான் சொல்வேன்.”

இதைக் கேட்டபின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் பயத்துக்கு ஒரு பெயரும் விலாசமும் கிடைக்கப்போகிறது. ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வருடம் கழித்துக் கேட்டேன்.

“கிடைச்சுதா சார்?”

“ஒண்ணு இல்லப்பா, நெறைய இருக்கு. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா பயமுறுத்துது.”

ஒரே ஒருத்தன் என்றால் எப்படியாவது சமாளித்திருப்பேன். இத்தனை பேர் உள்ளே கூட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபின் கவலை இரட்டிப்பானதுதான் மிச்சம்.

ரூம் சாவியைக் கொடுப்பதற்காக ஒருமுறை பருத்திப்பட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலைத் திறந்தால் ஏரி. உள்ளே சுவர்கள், ஒரு ஃபேன், நடுக்கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. “உக்காரு” என்றார். அவர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது? நின்றேன். நான் நிற்கும்போது அவருக்கு உட்கார மனம் வரவில்லை. இருவரும் அரைமணி நேரம் நின்றுகொண்டே பேசினோம். நாற்காலி மட்டும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. கிளம்பும்போது, “யாரும் வர்றதில்ல, அதான் இன்னொண்ணு வாங்கல” என்றார். ஏதோ பேச்சுக்குச் சொன்னதுபோலச் சொன்னார். எனக்குத்தான் வழி நெடுக அந்த நாற்காலி கூடவே வந்தது.

இப்போது அமுதாவுக்கு வருகிறேன். சம்பந்தியின் அசல் கொள்கைக்கு எங்கள் ரூமில் ஒரே எதிர்க்கட்சி அமுதாதான்.

“இந்தக் கறுப்புப் பையனும் அந்தப் பழுப்புப் பொண்ணும் அத்த புள்ள, மாமன் புள்ள தானே சார்? குடுத்து வாங்கினா இன்னா?”

“கூடாதும்மா. ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா பாட்டி. ஒரே சரக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து சேரும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் எதிர் ரூம் மாதிரி ஆயிடும்.”

“எங்க ஊட்டுக்காரரு எனக்கு சொந்தத் தாய்மாமன். நான் எந்த ரூமு மாதிரி ஆயிட்டேன்?”

“மனுசங்க வேறம்மா.”

“இன்னா வேற? எலிக்கு இருக்குற மரியாத எங்களுக்கு இல்லியா?”

சம்பந்தி ஏற்கெனவே அளந்த ஒரு வாலை எடுத்து மறுபடி அளந்தார்.

ஒரு வருடம் மழைக்காலத்தில் சம்பந்தி காய்ச்சலில் படுத்தார். அது ஜோடி சேர்க்கிற வாரம். எந்த ஜோடி எந்தக் கூண்டில் என்று சொல்லி அனுப்பிவிட்டு, போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். எல்லாக் கல்யாணமும் ஒழுங்காக நடந்தது. ஒரே ஒரு மாப்பிள்ளை மட்டும் அன்று காலையில் செத்துக் கிடந்தான். நான் எதிர் ரூமில் எடை பார்த்துக்கொண்டிருந்ததால் இது எதுவும் எனக்குத் தெரியாது.

பிறகு என்ன நடந்தது என்பது, குட்டிகள் வளர்ந்து, அவற்றின் காதோரத்தில் இருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் வெளியே வந்தது. ஒரு ஈத்துக் குட்டிகளுக்கு மட்டும் அப்பா வழி வந்த மரபணுவும் அம்மா வழி வந்ததும் பல இடங்களில் ஒரே மாதிரி. சம்பந்தி கூண்டு கழுவுகிற இடத்துக்கு வந்து நின்றார். நான் குழாயை மூடினேன்.

“மூணாவது வரிசை, கடைசிக் கூண்டு. யார் வெச்ச ஜோடி அது?”

மறைக்க வேண்டும் என்றே அமுதாவுக்குத் தோன்றவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“நான் தான் சார் வெச்சேன். பந்தல்ல ஒக்கார வெச்ச பொண்ண, மாப்ள செத்துட்டான்னு எழுப்பி அனுப்புவாங்களா? மொறப்பையன் எதுக்கு கீறான்? கூண்டு அட்டையில அப்பன் நம்பரு ஆத்தா நம்பரு எல்லாம் போட்டுருக்குதே. அண்ணன் தம்பி புள்ளைங்களா இருந்தா வெப்பனா? அது பங்காளி, ஆவாது. நல்லா பாத்து, அத்த பையனாத்தான் வெச்சேன்.”

கூண்டு அட்டையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டும் இருந்தது. மருந்துக் கறை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது.

கணக்கு முடித்து வீட்டுக்கு என்பதுதான் அடுத்த வார்த்தை. அமுதா வீட்டு அடுப்பு என் கண் முன்னால் அணைந்துகொண்டிருந்தது. சம்பந்தி வாயைத் திறப்பதற்குள் அமுதாவே கேட்டுவிட்டார்.

“ஏன் சார், உங்களுக்கு மாமன் பொண்ணு யாரும் இல்லியா?”

“இருந்தா.”

“அப்பறம் இன்னா ஆச்சு?”

“நான் படிச்சிட்டேன்.”

சம்பந்தி கவிழ்த்து வைத்திருந்த கூண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

“காலேஜ்ல அப்பதான் இந்தப் பாடம் நடத்துனாங்க. சொந்தத்துல கூடாதுன்னு. நேரா வந்து எங்க நிச்சயதார்த்தத்துல, எல்லாப் பெரியவங்க முன்னாடியும், அதை அப்படியே சொன்னேன். மனுசங்கள்ல ஆபத்து கொஞ்சம்தான் கூடும், அவ்வளவு பயப்பட ஒண்ணுமில்லன்னு அதுக்கு அடுத்த பாடத்துல வருது. ரெண்டாவது பாடம் நடத்துறதுக்குள்ள அவளுக்கு வேற எடத்துல கல்யாணம் ஆயிடுச்சு.”

அமுதா குழாயைத் திறந்து, கழுவி முடித்த கூண்டையே மறுபடி கழுவினார்.

விஷயம் மேலே போகாமல் இருக்காது. அந்தக் கூடத்தை நிர்வகிக்கிற பெரிய மேடம் சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். கூண்டு அட்டைகளை எடுத்துக்கொண்டு நானும் போய்க் கதவோரம், சுவரோடு சேர்ந்து நின்றேன்.

“யார் கை வெச்சது?” என்றார் மேடம்.

“மாப்பிள்ளை செத்துட்டா அடுத்து யாருன்னு நான் சொல்லிட்டுப் போகலீங்க. போனையும் அணைச்சு வெச்சுட்டேன். தப்பு என்னோடது.”

“நான் கேட்டது அது இல்ல. எந்த ஆள்?”

“எங்க ரூம்ல இருக்கிற எல்லாக் கையும் என் கைதான்.”

திறந்த பலகையின் விளிம்பில் சார் நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் சுவரில் இருந்து ஒரு அங்குலம் விலகினேன், அதற்குமேல் முடியவில்லை.

அமுதாவின் வேலை தப்பியது. சாரிடம் இருந்து ரூமை வாங்கிக்கொண்டார்கள். ஜோடி பார்க்கிற வேலை கம்ப்யூட்டருக்குப் போனது. கணக்கில் சேராத எலிக்கு ரூமில் இடம் இல்லை என்பதால், அந்த ஈத்துக் குட்டிகள் என்ன ஆயின என்பதை விரித்து எழுத எனக்குத் தெம்பில்லை. சம்பந்திக்கு மேல்மாடியில் ஒரு மேஜை கொடுத்தார்கள். எலிகளின் எடை, வால், பயம் எல்லாம் எண்களாக அவருக்குப் போகும். எலி போகாது. மத்தியானம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மேலே போவேன். ஸ்கேலை மேஜை மேல் வைத்திருப்பார், அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல்.

“மூணாவது வரிசைக்காரி தண்ணி ஒழுங்கா குடிக்குதா?” என்று கேட்பார். குடிக்கிறது என்பேன். அதோடு பேச்சு தீர்ந்துவிடும்.

இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு நாள் அமுதா மேல்மாடிக்கு ஏறினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

“சார், எம் பொண்ணு எங்க அண்ணன் பையன கட்ட மாட்டேன்றா. கூடவே வளந்தோம், அண்ணன் மாரி கீதுன்றா. ஆவடில ஒரு எடம் வந்துக்குது. அசலு. நீங்க தான் விசாரிச்சி சொல்லணும்.”

“நானா? நான் மனுசங்களுக்குப் பாத்ததில்லையேம்மா.”

“எலிக்கே இவ்ளோ பாத்தீங்க. எம் பொண்ணுக்கு பாக்க மாட்டீங்களா?”

அன்றில் இருந்து அவருக்கு உயிர் வந்தது. பையன் வீட்டுக்குப் போய் நாலு தலைமுறை விசாரித்தார். பையனின் எடையை விசாரித்ததாகவும் கேள்வி. திருமழிசை வரைக்கும் போய்க் கிழவர்களைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டார். ஒருநாள் அமுதாவையும் என்னையும் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

“அசல்னு சொன்னீங்க. அசல் இல்லம்மா. உங்கப்பாவைப் பெத்த தாத்தாவும், பையனோட அம்மாவுக்கு அப்பா வழிப் பாட்டியும் கூடப் பொறந்தவங்க.”

அமுதா விரல் விட்டு எண்ணினார். எண்ண எண்ண முகம் மலர்ந்தது. “அப்போ பையனோட அம்மா எனக்கு நாத்தனா மொற. அவங்க புள்ள எம் பொண்ணுக்கு மொறப்பையனே ஆயிட்டான் சார்.” சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. “அப்போ வேணான்றீங்களா?”

சம்பந்தி ஸ்கேலை எடுத்தார். திரும்ப மேஜையில் வைத்தார்.

“பண்ணும்மா. நான் ரெண்டாவது பாடமும் படிச்சிட்டேன்.”

கரையான்சாவடியில் மண்டபம். நான் சீக்கிரமே போய்ச் சுவரோரமாக ஒரு நாற்காலி பிடித்து, பக்கத்து நாற்காலியில் கர்ச்சீப் போட்டு வைத்தேன். யார் கேட்டாலும், ஆள் வருது என்றேன். சம்பந்தி வெள்ளை வேட்டியில் வந்து அதில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மேடையில் இருந்து அமுதா மைக்கை வாங்கி, “சம்பந்தி சார், மேல வாங்க” என்றார்.

“யாரைக் கூப்பிடறாங்க?” என்று என்னைக் கேட்டார் அவர்.

“உங்களைத்தான் சார்.”

“எத்தனை நாளா இந்தப் பேரு?”

“ரொம்ப வருசமா சார்.”

அவர் கோபித்துக்கொள்வாரோ என்று நான் நாற்காலியோடு சுவர் பக்கம் நகர்ந்தேன். அவரோ அந்தப் பெயரை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தார், லேகியத்தைக் கரைத்த அதே முகத்தோடு. பிறகு எழுந்து, அவ்வளவு கூட்டத்துக்கும் நடுவில் தனியாக நடந்து மேடைக்குப் போனார்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் பருத்திப்பட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. பழையது அதே இடத்தில், கூடத்தின் நடுவில் இருந்தது. புதியதை மட்டும் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்.